ஜெல்லி வரிசையில் நிலா

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் எல்டன் ஸ்வென்பிக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, கையில் இருக்கும் நிலா தொலைந்துவிடுமோ என்பது. இன்னொன்றின் பெயர் கஸ்ட் ஹாகன்.

முதலில் கஸ்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரை விட்டுவிட்டு எங்கள் ஊரான லிட்டில் ஹெரானில் எந்தக் கதையையும் சொல்ல முடியாது. பன்றிப் பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர், பள்ளிக் குழுவின் தலைவர். தங்கமான மனிதர்தான். பனியில் உங்கள் வண்டி சிக்கிக்கொண்டால் கூப்பிடாமலே டிராக்டரோடு வந்து நிற்பார். ஆனால் நிலாவுக்கு மனிதன் போனான் என்று மட்டும் அவர் காதில் போட்டுவிடக் கூடாது. அரிசோனாவில் மணலைக் கொட்டிப் படம் பிடித்தார்கள் என்பது அவர் கட்சி. காபிக் கடையில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார்: "எங்க பன்னிக் கொட்டகைக்குப் பின்னாடியும்தான் குழி குழியா இருக்கு. நானும் அங்க குதிச்சுக் குதிச்சு நடக்கறேன். உடனே அது நிலாவா ஆயிடுமா?"

இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் எல்டனின் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அறிவியல் வாத்தியார். நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை. மற்றப் பாடங்களை நடத்துவான். நிலாப் பாடம் வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவான். மாவுத் தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டுப் பள்ளம் உண்டாக்குவான். வகுப்புத் தரை முழுக்க நிலாவின் படத்தை வரைந்து, மனிதர்கள் இறங்கிய ஆறு இடங்களிலும் ஆறு சோடா மூடிகளை வைத்து, முட்டி போட்டு ஒவ்வொன்றாகக் காட்டுவான். போன வாரம் ஒரு பையன் கையைத் தூக்கி, "சார், அந்த மூடியை வச்சது நீங்கதானே? அங்க இறங்கினாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். பாதி வகுப்பு சிரித்தது. எல்டனுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு மேல் கஸ்ட் வைத்தார் ஒரு வேட்டு. "நாளைக்கு வியாழக்கிழமை காலையில நானே வகுப்புக்கு வரேன் வாத்தியாரே. ஏதோ கல்லு வரவழைக்கறியாமே, காட்டு. நம்பற மாதிரி இருந்தா உன் நிலாப் பாடம் இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து அந்த நேரத்துக்கு உரப் பாடம். உரம் நெசம் பாரு. கண்ணை மூடிக்கிட்டாலும் மூக்குக்குத் தெரியும்."

கல் வந்துவிட்டது. ஹூஸ்டன் விண்வெளி மையத்திலிருந்து பதிவுத் தபாலில் வந்தது. ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி போலத் தெளிந்த கெட்டிப் பிளாஸ்டிக் வட்டு. அதற்குள் ஆறு சின்னச் சின்னத் துணுக்குகள்: மூன்று நிலாக் கல், மூன்று நிலா மண். கறுப்பு, வெள்ளை, சாம்பல், ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறம். இதைக் கடனாக வாங்குவதற்காகவே எல்டன் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தான். நிபந்தனைகள் கறாரானவை. கண்ணை விட்டு அகலக் கூடாது. வண்டியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ராத்திரி இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டகம் உண்டு. போன வருஷ வெள்ளத்தில் ஊறியதிலிருந்து அதன் கதவு மூடுவதில்லை. வங்கியை மத்தியானமே சாத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது லூத்தரன் சர்ச்சின் காணிக்கைப் பெட்டகம். அதன் சாவி போதகர் ரோல்ஃபிடம். போதகரோ ஏழு மணி வரை மாடியில் பாடகர் குழுவோடு கத்திக்கொண்டிருப்பார். கீழே நிலவறையில் லெந்து காலப் புதன்கிழமை விருந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவது. பழமும் காரட்டும் உள்ளே மிதக்கிற ஜெல்லி இல்லாமல் அந்த மேசை கிடையாது.

எல்டன் யோசித்தான். வந்த பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'நிலா' என்று போட்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் போனால் ஊர்க் கண்ணெல்லாம் அதன் மேல்தான் விழும். ஆகவே வட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, அம்மா விட்டுப்போன அலுமினியக் கேக் டப்பாவில் வைத்து மூடினான். எந்தத் திருடன் கேக் டப்பாவைத் திருடப் போகிறான் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். படித்தவனுக்கு வரும் புத்தி அது. லெந்து புதன்கிழமையில் கேக் டப்பாவோடு சர்ச் படியிறங்குகிறவனை எங்கள் ஊர் என்னவென்று நினைக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

படியின் அடியில் லவோன் நின்றிருந்தாள். நிலவறைச் சமையலறை அவளுடைய ராஜ்ஜியம். ஆண்பிள்ளை யாரும் அதன் வாசலைத் தாண்டியது கிடையாது. முன்பிருந்த போதகர் ஒருமுறை உப்புத் தேடி உள்ளே போகப் பார்த்தார். உப்பில்லாமலே சாப்பிடப் பழகிக்கொண்டார்.

"எல்டன்! அடேயப்பா, நீயா!" என்று லவோன் கூவினாள். "எல்லாரும் இங்க பாருங்க! வருஷா வருஷம் சிப்ஸ் பொட்டலத்தோட வர்ற பையன் இன்னிக்குக் கையால செஞ்சு கொண்டாந்திருக்கான்!"

"இல்லை லவோன், இது சாப்பிடற பொருள் இல்லை."

"நான் செஞ்சதையும் நான் அப்படித்தான் சொல்வேன்" என்று அவள் டப்பாவில் ஒரு கை வைத்தாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. தன் பதார்த்தத்தைத் திட்டாமல் மேசையில் வைக்கிறவர் யாரும் கிடையாது. 'அடி பிடிச்சுடுச்சு', 'உப்பு கூடிப்போச்சு', 'நாய்க்குப் போடலாம்னுதான் பார்த்தேன்' என்று சொல்லிக்கொண்டே வைப்பார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு திட்டு பலமோ அவ்வளவுக்கு அவ்வளவு ருசி இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். ஆகவே எல்டன் வாயைத் திறக்கத் திறக்க அவன் பதார்த்தத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று.

"நான் செஞ்சதே இல்லைங்க. தபால்ல வந்தது."

"பாக்கெட் ஜெல்லியா? அதனால என்ன? இங்க எல்லாருமே பாக்கெட்தான். வெளியில சொல்லிக்கறதில்லை."

"லவோன், சொல்றதைக் கேளுங்க. இது கல்லு. நெசமாவே கல்லு."

"போன கிறிஸ்துமஸுக்கு எனக்கும் அப்படித்தான் இறுகிப்போச்சு. அதுக்காக மனசு விட்டுடறதா? கொஞ்ச நேரம் வெளியில வச்சா தானா இளகிடும்." அவள் இழுத்தாள். அவன் இழுத்தான். "மூணு தடவை வேண்டாம்னு சொல்லிட்டே. மரியாதை போதும் கண்ணு, விடு."

அப்போது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன வாத்தியாரே, கூட்டத்தை மறிச்சுக்கிட்டு நிக்கறே? நாளைக்குக் காட்டற கல்லை இன்னிக்கே தலையில சுமக்கறியா?"

கஸ்ட். தொப்பியில் பனித்தூறல், கையில் பன்றிக்கறித் தொத்திறைச்சி ஒரு தட்டு. எல்டனுக்குக் கை கால் எல்லாம் விட்டுப்போயிற்று. விட்ட கையிலிருந்து டப்பாவும் போயிற்று. லவோன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் ராஜ்ஜியத்துக்குள் மறைந்தாள்.

பரிமாறும் ஜன்னல் வழியாக அவன் எட்டிப் பார்த்தான். நாலைந்து பெண்கள் டப்பாவைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள்.

"அம்மாடி, எவ்வளவு தெளிவா வந்திருக்கு! ஒரு குமிழிகூட இல்லையே."

"இது திராட்சை. இது காரட்டு. இந்த வெள்ளை என்ன, மார்ஷ்மெல்லோவா?"

"கஞ்சத்தனமாப் போட்டிருக்கான் பாவம். தனியா சமைக்கற பிள்ளை, அளவு எங்க தெரியப்போவுது?"

"மொட்டையா இருக்குடி. கொஞ்சம் கிரீம் வை."

"லவோன்!" என்று எல்டன் ஜன்னலில் தலையை விட்டான். "தயவுபண்ணிக் குடுத்துடுங்க. கிரீம் வேண்டாம்."

"கூச்சப்படாதே. போய் உக்காரு" என்று அவள் கரண்டியாலேயே அவனைத் துரத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் அது வந்தது. கோஸ் இலை மெத்தைமேல் உட்கார்ந்து, தலையில் வெள்ளைக் கிரீம் கோபுரமும் உச்சியில் ஒரு செர்ரிப் பழமும் தாங்கி, எலுமிச்சைப் பச்சை ஜெல்லிக்கும் ஆரஞ்சு ஜெல்லிக்கும் நடுவில் நிலா வந்து அமர்ந்தது. பக்கத்தில் ஒரு கத்தி.

எல்டன் கத்தியையே பார்த்தான். ஒரு கீறல் விழுந்தால் ஹூஸ்டனுக்கு என்ன பதில் சொல்வது? கத்திச் சொல்லலாம்தான். ஆனால் கஸ்ட் ஹாகன் வரிசையில் நாலாவது ஆளாக நிற்கிறார். நிலாவை சாலட் மேசையில் பறிகொடுத்த வாத்தியாருக்கு அடுத்த வருஷம் நிலாப் பாடம் கொடுப்பாரா? உரப் பாடம்கூடக் கொடுக்க மாட்டார். திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி அவன் மேசையோரம் போய் நின்றுகொண்டான்.

"இதை எடுக்காதீங்க" என்றான் முதலில் வந்த அம்மாளிடம். "நல்லாவே இருக்காது."

"அப்படின்னா கட்டாயம் எடுக்கணும்" என்று அவள் கத்தியை நீட்டினாள்.

அப்போதுதான் எல்டனுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு உரக்கச் சொன்னான்: "எடுங்க எடுங்க! இந்த மேசையில இருக்கறதுலயே என்னோடதுதான் உசத்தி. இது மாதிரி நீங்க யாரும் ஜென்மத்துல சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

நிலவறை அப்படியே நின்றுவிட்டது. சொந்தச் சமையலைச் சொந்த வாயால் புகழ்ந்த மனிதனை அந்தச் சுவர்கள் அதுவரை பார்த்ததில்லை. அம்மாளின் கத்தி கீழே இறங்கியது. அடுத்தவர் நேராகப் பச்சை ஜெல்லிக்குப் போனார். அதற்கடுத்தவர் ஆரஞ்சு ஜெல்லிக்குப் போனார். ஒரு தாய் தன் குழந்தையை எல்டனிடமிருந்து தள்ளி மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். அவனுக்குக் காது மடல்வரை வெட்கம் ஏறியது. ஆனாலும் யுக்தி பலித்துவிட்ட சந்தோஷம் உள்ளே குறுகுறுத்தது.

நாலாவது ஆள் வந்தார். கஸ்ட் ஹாகன் தட்டைப் பார்த்தார், எல்டனைப் பார்த்தார். யாரும் தொடாத பதார்த்தம், பக்கத்தில் முகம் சிவந்து நிற்கும் தனிக்கட்டை. மனைவி போன பிறகு தானே சமைத்த முதல் பதார்த்தத்தை இதே மேசைக்குக் கொண்டுவந்த மனிதர் அவர். அன்றைக்கு அதை எத்தனை பேர் தொட்டார்கள் என்பது அவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு துண்டு வை" என்றார்.

"உங்களுக்கு வேண்டாம் சார்."

"வேண்டாம்னு நீ யாரு சொல்ல? வை." அவரே கத்தியை எடுத்து அழுத்தினார். டொக் என்றது. இன்னொரு பக்கம் அழுத்தினார். டொக். எல்டன் கண்ணை மூடிக்கொண்டான். கஸ்ட் தொண்டையைக் கனைத்தார். "கொஞ்சம்… உறுதியா வந்திருக்கு." மேலே இருந்த கிரீமை வழித்துத் தட்டில் போட்டு, செர்ரியையும் எடுத்துக்கொண்டு, ஒரு வாய் நக்கிப் பார்த்தார். "ம். வித்தியாசமா இருக்கு."

எங்கள் ஊரில் ஒரு சமையலுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. வரிசையில் நின்றவர்களின் முகம் வாடியது. ஆனால் கஸ்ட் எடுத்துவிட்டாரே, மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொருவராக வந்து கிரீமில் கொஞ்சம் வழித்துக்கொண்டு, "ஆஹா", "நல்ல கெட்டி" என்று முனகிக்கொண்டே போனார்கள்.

இனி தாங்காது. மாடிக்கு ஓடிப் போதகரைச் சாவியோடு இழுத்துவருவது, வந்த வேகத்தில் தட்டோடு தூக்கிக்கொண்டு போவது என்று எல்டன் முடிவுகட்டினான். நிபந்தனைப்படி கண்ணை விட்டு அகலக் கூடாதுதான். கிரீம் வைக்கலாம் என்று மட்டும் நிபந்தனையில் இருந்ததா என்ன? அவன் படிகளில் தாவி ஏறினான். போதகர் ரோல்ஃப் கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில் இருந்தார். அதை முடிக்காமல் அசையவில்லை.

திரும்பி வந்தபோது தட்டில் கோஸ் இலை மட்டும் இருந்தது.

"பார்த்தியா கண்ணு!" என்று லவோன் இரண்டு கையையும் விரித்தாள். "ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கலை. சுத்தமா துடைச்சுட்டாங்க!"

எல்டன் தட்டைத் தூக்கி அடியிலும் பார்த்தான். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பேண்டு வாத்தியாரின் சட்டையைப் பிடித்தான். "நீங்க சாப்பிட்டீங்களா?"

பேண்டு வாத்தியார் விழித்தார். அவன் கண்ணில் நீர் தளும்புவதைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டேனே" என்றார். "மூணு துண்டு."

"மூணா? மென்னு முழுங்கினீங்களா?"

"வாயில போட்டதும் கரைஞ்சு போச்சுப்பா."

வங்கி மேனேஜரின் மனைவி இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தாள், செய்முறை வேண்டுமாம். தபால் நிலையக்காரர் ஒன்று, அவர் மச்சான் ஒன்று. எல்டன் கேட்கக் கேட்க நிலவறை முழுவதும் நிலாவைச் சாப்பிட்டிருந்தது. அவன் ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். எரிமலை கக்கிய கல், கோடானுகோடி வருஷம் வெயிலில் காய்ந்து கிடந்தது, மனிதன் ராக்கெட் ஏறிப் போய்ப் பொறுக்கி வந்தது, கடைசியில் லிட்டில் ஹெரான் லூத்தரன்களின் வயிற்றிலா போய்ச் சேர வேண்டும்? நாளைக் காலை பிள்ளைகள் முன்னால் வெறுங்கையோடு நிற்பான். சோடா மூடியைப் பற்றிக் கேட்ட பையன் சிரிப்பான். அதை நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகை பாதியில் நின்றது. பிளாஸ்டிக் கரையாது. பிளாஸ்டிக் எப்படிக் கரையும்?

அவன் எழுந்தான். நேராக நடந்து சமையலறை வாசலைத் தாண்டினான். உள்ளே பெண்கள் வீறிட்டார்கள். ஒருத்தி கையிலிருந்த பாத்திரத்தைச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். எல்டன் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து முட்டி போட்டுக் கிளறத் தொடங்கினான்.

"எழுந்திரு எல்டன்!" லவோனின் குரல் தழுதழுத்தது. "குப்பையிலயா போடுவேன்? என்னை யாருன்னு நினைச்சே?" ஏப்ரனின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "யாரும் சாப்பிடலை. ஒருத்தரும். பல்லு போயிடும்னு பயந்தாங்க. மொத மொதல்ல செஞ்ச பிள்ளை, தட்டு நிறைய அப்படியே இருக்கறதைப் பார்த்தா மனசு உடைஞ்சுடுமேன்னு ஃபாயில்ல சுத்தி கஸ்ட்டுகிட்ட குடுத்தனுப்பிட்டேன். ரெண்டு துண்டு சாப்பிட்டேன், பிரமாதம்னு உன்கிட்ட சொல்லச் சொன்னார்."

"கஸ்ட்டா? எங்க அவரு?"

"இப்பத்தான் கிளம்பினார்."

"லவோன், அது ஜெல்லி இல்லை. அதுதான் நிலா. நாளைக்குப் பிள்ளைங்களுக்குக் காட்ட வேண்டிய நிலா!"

லவோனின் கையிலிருந்து ஏப்ரன் நுனி நழுவியது. "அப்ப அந்தத் திராட்சை?"

"எரிமலைக் கல்லு."

"காரட்டு?"

"நிலா மண்ணு."

"ஐயோ கர்த்தரே" என்று அவள் கன்னத்தில் கை வைத்தாள். "நான் செர்ரி வேற வச்சேனே!"

எல்டன் கோட்டுகூடப் போடாமல் வெளியே பாய்ந்தான். சாப்பாட்டு நேரத்தில் பெய்த ஐஸ் மழை எல்லா வண்டிகளையும் கண்ணாடிக் கவசத்துக்குள் போட்டிருந்தது. பொழுது சாயும் வெளிச்சத்தில் கஸ்ட் தன் பிக்கப் வண்டியின் மேல் குனிந்து, முன் கண்ணாடியில் உறைந்த ஐஸைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்தார். எதனால் சுரண்டினார் என்பதைப் பார்த்ததும் எல்டன் கால் சறுக்கி, மிச்சத் தூரத்தை உட்கார்ந்தபடியே வந்து அவர் சக்கரத்தடியில் சேர்ந்தான்.

"வா வாத்தியாரே" என்றார் கஸ்ட், திருட்டு முழியோடு. "தப்பா நினைக்காதே. சுரண்டியை வீட்டுல விட்டுட்டேன். கடையில வாங்கினதைவிட இது நல்லா இழுக்குது. உன் கைவண்ணம்தான்."

"சார், அதைக் கீழ வைங்க! வேண்டாம், வைக்காதீங்க! அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க!"

இதற்குள் நிலவறை முழுவதும் படியேறி வந்திருந்தது. லவோன் முன்னால், கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு. பின்னால் பேண்டு வாத்தியார், வங்கி மேனேஜர் மனைவி, சாவியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாத போதகர் ரோல்ஃப்.

எல்டன் வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இவ்வளவு நேரம் இருந்த பயமெல்லாம் போய், கெட்ட கோபம் வந்திருந்தது. "உங்க கையில இருக்கறது நிலா சார். மனுஷன் போய் எடுத்தாந்த நிலா. அதை வச்சு நீங்க ஐஸ் சுரண்டறீங்க!"

கஸ்ட் வட்டைத் திருப்பிப் பார்த்தார். "நிலாவுக்கு யாரும் போகலை. இது ஜெல்லி. எல்லாருக்கும் தெரியும்."

"ஜெல்லியா? சரி. நீங்க ரெண்டு துண்டு சாப்பிட்டீங்கன்னு லவோன் சொன்னாங்க. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"எந்த இடத்துல வெட்டினீங்க? காட்டுங்க பார்க்கலாம்."

கஸ்ட் வட்டைச் சுற்றினார். இன்னொரு சுற்று சுற்றினார். விளிம்பு வழவழவென்று முழு வட்டமாக இருந்தது. சாப்பிடவில்லை என்று சொன்னால், லெந்து காலத்தில், சர்ச்சுக்குள், போதகரின் காலுக்குக் கீழே நின்று பொய் சொன்னதாகிவிடும். அவர் பொய் மட்டுமா? லவோனின் பொய், பேண்டு வாத்தியாரின் மூன்று துண்டுப் பொய், வங்கி மேனேஜர் மனைவி கேட்ட செய்முறை, எல்லாம் வரிசையாகச் சரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், ஒருவன் முதன்முதலாகக் கொண்டுவந்த பதார்த்தத்தைத் தொடவில்லை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் நிலாவை இல்லை என்று சொல்லலாம். அடுத்தவர் சமையலை இல்லை என்று சொல்ல முடியாது.

கஸ்ட் லவோனைப் பார்த்தார். அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். எல்டனைப் பார்த்தார். கோட்டில்லாமல் பல் தந்தியடிக்க நின்றுகொண்டிருந்தான், கன்னத்தில் காப்பித்தூள் ஒட்டியிருந்தது.

"ரெண்டு துண்டு சாப்பிட்டேன்" என்றார் கஸ்ட். "சொன்னது சொன்னதுதான்."

"ஆனா முழுசா இருக்கே சார்."

"முழுசாத்தான் இருக்கு." அவர் சட்டைக் கையால் வட்டிலிருந்த ஐஸ் தூளை மெதுவாகத் துடைத்தார். வாழ்நாள் முழுவதும் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னதையெல்லாம் ஒருமுறை முழுங்குவது போலத் தொண்டை ஏறி இறங்கியது. "தேஞ்சுபோனப்புறம் தானா வளர்ந்து திரும்ப முழுசாகற சாமான் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

வட்டை இரண்டு கையாலும் எல்டனிடம் நீட்டினார். "நிலாதான் வாத்தியாரே. காலையில நானே வந்து பிள்ளைங்ககிட்ட சொல்றேன்."

எல்டன் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். படியிலிருந்து பேண்டு வாத்தியார் நிம்மதியாக ஒரு ஆமென் சொன்னார்.